புகைப்படத்தில் நெரிசலும் இசைவும்

ஓவியனுக்கும் புகைப்படக்காரனுக்கும் உள்ள வேறுபாடுகளுள் தலையாயது ஒன்று உண்டு. ஓவியன் வெறுந்திரையின் முன் அமர்கிறான். வேண்டியவற்றை வரைகிறான், வேண்டாதவற்றை வரையாமல் விடுகிறான். புகைப்படக்காரனுக்கு அவ்வுரிமை இல்லை. அவன் முன் நிற்பது ஏற்கெனவே நிறைந்துவிட்ட உலகம். ஒரு வேப்பமரத்தைப் படமெடுக்க அவன் எண்ணுகிறான். மரத்தின் பின்னே மின்கம்பம் நிற்கிறது; கம்பத்தில் கிழிந்த சுவரொட்டி தொங்குகிறது; மரத்தடியில் ஆடு ஒன்று கட்டப்பட்டிருக்கிறது; ஆட்டை அடுத்து ஒரு மிதிவண்டி சாய்ந்திருக்கிறது. காமிராவின் கண்ணுக்கு மரமும் ஒன்றுதான், மிதிவண்டியும் ஒன்றுதான். எல்லாவற்றையும் அது ஒருங்கே வாரிக்கொள்கிறது.

இப்படி வாரிக்கொண்ட பொருள்களிடையே இசைவு காண்பது எங்ஙனம்? புகைப்படக் கலை தோன்றிய நாள்முதல் அக்கலையைப் பயின்றோர் இவ்வினாவை எதிர்கொண்டு வந்துள்ளனர். அவர்கள் கண்ட விடைகள் இரண்டு. மிகுதியை நீக்கிவிடுவது ஒன்று. மிகுதியை நீக்காமல் அதற்குள்ளேயே ஓர் ஒழுங்கைக் கண்டுபிடிப்பது மற்றொன்று. முதல் விடையிலிருந்து இரண்டாம் விடைக்குக் கலைஞர்கள் நடந்து வந்த வழியை இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். மாணவர்களே, இச்செய்தி கலைஞர்க்கு மட்டுமே உரியது என்று எண்ணிவிட வேண்டா. 'எதை நீக்கினால் படம் அழகாகும்?' என்று கேட்கத் தொடங்குபவன், 'யாரை நீக்கினால் அழகாகும்?' என்று கேட்கும் நிலைக்கும் வந்துவிடக்கூடும்.

முதற்கண் இசைவு என்னும் சொல்லின் பொருளைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் நான் படித்தபோது கரும்பலகையில் எழுதும் முறைக்கெனத் தனி மதிப்பெண் உண்டு. தேர்வாளர் வகுப்பின் கடைசி இருக்கையில் அமர்ந்திருப்பார். பாடம் முடியும் வேளையில் பலகையில் தலைப்பு, ஆண்டுகள், அருஞ்சொற்கள், நிலப்படம் ஒன்று, வினாக்கள் இரண்டு என்று பலவும் நிறைந்திருக்கும். குறைவாக எழுதியவருக்கே நல்ல மதிப்பெண் என்பதில்லை. எது எதனோடு தொடர்புடையது என்பது கடைசி இருக்கையிலிருப்பவர்க்கும் ஒரே பார்வையில் விளங்கினால் அதுவே நல்ல பலகை. புகைப்படத்தின் இசைவும் அத்தகையதே. பொருள்கள் பலவாக இருக்கலாம். ஒன்றுக்கொன்று உள்ள உறவு கண்ணுக்குப் புலப்படுமாயின் அங்கே இசைவு உண்டு. உறவு புலப்படாவிடில், மூன்றே பொருள்கள் இருந்தாலும் அது நெரிசல்தான்.

இனி வரலாற்றுக்கு வருவோம். 1838ஆம் ஆண்டில் பாரிஸ் நகரில் லூயி தாகர் என்பவர் தம் சாளரத்தின் வழியே பூல்வார் தியு தாம்ப்ல் என்னும் பெருவீதியைப் படமெடுத்தார். குதிரை வண்டிகளும் மக்களும் ஓயாது இயங்கும் வீதி அது. ஆயினும் அவருடைய தகட்டில் வீதி வெறிச்சோடிக் கிடக்கிறது. காரணம் எளியது. அந்நாளில் தகட்டில் உருவம் பதிவதற்குப் பல நிமிடங்கள் தேவைப்பட்டன. அசைந்து சென்ற எதுவும் அதில் பதியவில்லை. வீதியோரத்தில் ஒரு மனிதர் தம் காலணிக்கு மெருகு ஏற்றிக்கொள்வதற்காகச் சற்றே அசையாமல் நின்றார். அவருடைய உருவம் மட்டும் தெளிவாகப் பதிந்தது. அவர் காலடியில் வேலை செய்தவரின் உருவம் மங்கலாகத் தெரிகிறது. புகைப்படத்தில் இடம்பெற்ற முதல் மனிதர்கள் இவர்களே என்று பலரும் கருதுவர். நெரிசலான வீதியைக் காமிரா ஒழுங்குபடுத்தியது. மக்களை மறைத்ததால் ஒழுங்குபடுத்தியது. இவ்வாறு இக்கலையின் முதல் அமைதி, கருவியின் குறைபாட்டினால் விளைந்த அமைதியாயிற்று.

அக்குறைபாடு நம் நாட்டிலும் தன் தடத்தைப் பதித்தது. கிழக்கிந்தியக் கம்பெனியின் படையைச் சேர்ந்த லினேயஸ் டிரைப் என்பவர் 1856இல் சென்னை அரசாங்கத்தின் புகைப்படக்காரராக அமர்த்தப்பெற்றார். 1857ஆம் ஆண்டின் இறுதியிலும் 1858ஆம் ஆண்டின் தொடக்கத்திலும் அவர் திருவரங்கம், திருச்சிராப்பள்ளி, மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர் ஆகிய ஊர்களுக்குச் சென்று படமெடுத்தார். மெழுகூட்டிய காகிதத்தில் பதிவு செய்யும் முறையை அவர் கையாண்டார். கோயில் கோபுரத்தைவிட நெரிசலான காட்சி ஏது? அடுக்குக்கு அடுக்கு நூற்றுக்கணக்கான சுதை உருவங்கள்! எனினும் டிரைப்பின் படங்களில் அந்நெரிசல் கண்ணை உறுத்துவதில்லை. மேலே செல்லச் செல்லச் சிறுத்துவரும் அடுக்குகளும், ஒவ்வோர் அடுக்கின் நடுவேயும் திரும்பத் திரும்ப வரும் வாயிலும் கண்ணைக் கைபிடித்து அழைத்துச் செல்கின்றன. கோபுரத்தைக் கட்டிய சிற்பிகள் அமைத்து வைத்த ஒழுங்கு அது. தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளத்துக் கல்வெட்டுகளை அவர் 21 படங்களாக எடுத்து ஒரே நீண்ட படமாக ஒட்டவைத்தார். ஒரு சட்டத்துள் அடங்காத பெருக்கத்தை வரிசையினால் அடக்கலாம் என்பதற்கு அது நல்ல சான்று. ஆயினும் அவருடைய கோயிற் படங்களில் மக்களைக் காண்பது அரிது. திருவிழாக் கூட்டம் மொய்க்கும் பிராகாரங்கள் அங்கே ஆளரவமின்றி நிற்கின்றன.

அதே காலத்தில் இங்கிலாந்தில் வேறொரு முயற்சி நடந்தது. கருவி தானே மக்களை நீக்கியது ஒருபுறம் இருக்க, கலைஞர்கள் தாங்களே வேண்டியவர்களைப் பொறுக்கிச் சேர்க்கத் தொடங்கினர். 1857இல் ஆஸ்கார் ரெய்லாண்டர் என்பவர் முப்பதுக்கும் மேற்பட்ட தனித்தனி எதிர்ப்படிவங்களை ஒன்றாக இணைத்து, பலர் நிறைந்த ஒரு பெரும்படத்தை உருவாக்கினார். 1858இல் ஹென்றி பீச் ராபின்சன் ஐந்து எதிர்ப்படிவங்களைக் கொண்டு, நோயுற்ற இளம்பெண் ஒருத்தியைச் சுற்றி வீட்டார் சூழ்ந்திருக்கும் காட்சியைப் புனைந்தார். 1869இல் அவரே புகைப்படத்தின் அழகமைதி பற்றி நூலொன்றும் எழுதினார். ஓவியக் கலையின் இலக்கணத்தைப் புகைப்படத்திற்கு ஏற்றிச் சொன்ன நூல் அது. இம்முயற்சிகள் திறமை மிக்கவையே. ஆயினும் இவற்றில் இசைவு வந்தது வெட்டியும் ஒட்டியுமே. உலகம் தன் போக்கில் நெரிசலாக இருக்கும்போதே அதில் இசைவைக் காண முடியுமா என்னும் வினா விடையின்றி நின்றது.

அவ்வினாவுக்கு மறக்கமுடியாத விடை ஒன்று 1907இல் ஒரு கப்பலில் கிடைத்தது. அமெரிக்கராகிய ஆல்பிரட் ஸ்டீக்லிட்ஸ் அவ்வாண்டு தம் குடும்பத்தோடு ஐரோப்பாவுக்குப் பயணமானார். இரண்டாம் கைசர் வில்லியத்தின் பெயர் தாங்கிய ஜெர்மானியப் பெருங்கப்பல் அது. அவருக்கு அப்போது வயது 43. பயணம் செய்தது முதல் வகுப்பில். உடன் பயணம் செய்த செல்வர்களின் ஆரவாரமும் பகட்டும் அவருக்குச் சலிப்பை உண்டாக்கின. ஒருநாள் அவர் முதல் வகுப்புத் தளத்தின் கோடிவரை நடந்துசென்று கீழே பார்த்தார். அங்கே இருந்தது மிகக் குறைந்த கட்டணம் செலுத்தியோர்க்கு உரிய தளம். ஆங்கிலத்தில் அதனை ஸ்டீரேஜ் என்பர்.

அவர் கண்ட காட்சியைச் சற்றே மனக்கண்முன் கொண்டுவாருங்கள். மேலும் கீழுமாக இரண்டு தளங்கள். இரண்டிலும் மக்கள் நெருக்கியடித்து நிற்கின்றனர். கீழே முக்காடிட்ட பெண்கள், குழந்தைகள், காயப்போட்ட துணிகள். மேலே கைப்பிடிக் கம்பியைப் பற்றி நிற்கும் ஆடவர். இடப்புறம் சாய்வாக எழும் பெருங்குழாய். வலப்புறம் எதிர்த்திசையில் சாயும் இரும்பு ஏணிப்படி. இரண்டுக்கும் நடுவே, படத்தையே குறுக்காகக் கடந்து செல்லும் வெள்ளைப் பாலம். பாலத்தின் ஓரத்தில் வளைந்து தொங்கும் சங்கிலிகள். வேறொருவர் கண்டிருந்தால், 'இவ்வளவு குப்பையான காட்சியில் படமெடுக்க என்ன இருக்கிறது?' என்று திரும்பியிருப்பார்.

ஸ்டீக்லிட்ஸ் திரும்பவில்லை. மேல்தளத்தில் ஒருவர் அணிந்திருந்த வைக்கோல் தொப்பி வட்டமாக ஒளிவீசியதை அவர் கண்டார். கீழே ஒருவரின் முதுகில் கால்சட்டையின் தோள்பட்டிகள் வெள்ளையாகக் குறுக்கிட்டதையும் கண்டார். வட்டம் வட்டத்தோடும், சாய்கோடு சாய்கோட்டோடும், வெண்மை வெண்மையோடும் உறவு கொண்டாடுவதாக அவருக்குப் பட்டது. அவ்வடிவங்களின் அடியில் அம்மக்களைப் பற்றிய தம் உள்ளத்து உணர்ச்சியும் ஒன்றியிருப்பதை உணர்ந்தார். கையில் காமிரா இல்லை. அறைக்கு ஓடினார். படமெடுக்கப்படாத கண்ணாடித் தகடு ஒன்றே எஞ்சியிருந்தது. அந்தத் தொப்பிக்காரர் நகர்ந்துவிட்டால் எல்லாம் குலைந்துவிடுமே என்ற அச்சத்தோடு திரும்பி வந்தார். ஒருவரும் நகர்ந்திருக்கவில்லை. படத்தை எடுத்தார். இவ்வளவையும் அவரே பின்னாளில், 1942இல் வெளிவந்த கட்டுரையொன்றில் விவரித்துள்ளார். முப்பத்தைந்து ஆண்டுகள் கழித்துச் சொன்ன கதை ஆதலின் அதில் நினைவின் மெருகும் சிறிது ஏறியிருக்கலாம். படமோ அன்று பதிந்தபடியே இருக்கிறது. 1911இல் தாம் நடத்திவந்த 'காமிரா ஒர்க்' என்னும் இதழில் அவர் அதனை வெளியிட்டார்.

இப்படத்தில் நீங்கள் நோக்க வேண்டியவை இரண்டு. முதலாவது, ஸ்டீக்லிட்ஸ் எதையும் அகற்றவில்லை. எவரையும் 'தள்ளி நில்லுங்கள்' என்று சொல்லவில்லை. தாம் நிற்கும் இடத்தாலும் தேர்ந்த நொடியாலும் மட்டுமே இசைவைப் பெற்றார். இரண்டாவது, அந்த வெள்ளைப் பாலம். படத்தின் உறுப்புகள் அனைத்தையும் இணைத்துக் கட்டுவது அதுவே. அதே பாலம்தான் மேல்தளத்து மக்களையும் கீழ்த்தளத்து மக்களையும் பிரிப்பதும். அதன்மீது ஒருவரும் இல்லை. படத்தில் இசைவு இருப்பதனால் வாழ்வில் இசைவு இருந்தது என்று நாம் எண்ணிவிடக் கூடாது. நல்ல படம் பிரிவினையை மறைக்காமலே அதை ஓர் ஒழுங்கில் நிறுத்திக் காட்டுகிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இப்படத்தைக் காண்போர் பலர், புதுவாழ்வு தேடி அமெரிக்காவுக்கு வந்திறங்கும் மக்கள் இவர்கள் என்று நினைப்பதுண்டு. உண்மை அதற்கு நேர்மாறு. கப்பல் சென்றது அமெரிக்காவிலிருந்து ஐரோப்பாவுக்கு. இவர்கள் திரும்பிச் செல்வோர். வரலாற்று மாணவர்கள் படத்தின் அழகில் ஈடுபடுவதோடு அமையாது, அது எங்கே, எப்போது எடுக்கப்பட்டது என்பதையும் கேட்டறிய வேண்டும் என்பதற்கு இது ஒரு பாடம்.

ஸ்டீக்லிட்ஸுக்குக் கிடைத்தது ஒரு தகடு, ஒரு வாய்ப்பு. பின்வந்தோர்க்குக் கருவி துணை செய்தது. ஜெர்மனியில் ஆஸ்கார் பார்னாக் என்னும் பொறியறிஞர் வடிவமைத்த லைக்கா என்னும் சிறு காமிரா 1925இல் விற்பனைக்கு வந்தது. திரைப்படச் சுருளைப் பயன்படுத்தியமையால் அதில் ஒன்றன்பின் ஒன்றாகப் பல படங்கள் எடுக்கலாம். சட்டைக்குள் மறைத்துக் கூட்டத்தினுள்ளும் செல்லலாம். பிரெஞ்சுக்காரராகிய ஆன்றி கார்த்தியே-பிரெஸ்ஸோன் அக்கருவியைத் தம் கண்ணின் நீட்சியாகவே ஆக்கிக்கொண்டார். இளமையில் ஆந்திரே லோத் என்னும் ஓவியரிடம் பயின்றவர் அவர். வடிவக் கணிதம் அவர் பார்வையில் ஊறியிருந்தது.

1948ஆம் ஆண்டு டிசம்பரில் அவர் சீனாவின் ஷாங்காய் நகரில் இருந்தார். உள்நாட்டுப் போரினால் காகிதப் பணம் மதிப்பிழந்துகொண்டிருந்தது. ஆளுக்கு 40 கிராம் பொன் வழங்கப்படும் என்று அரசு அறிவித்தது. ஆயிரக்கணக்கானோர் வங்கியின் முன் திரண்டனர். நெரிசலில் சிலர் நசுங்கி உயிரிழந்தனர். கார்த்தியே-பிரெஸ்ஸோன் எடுத்த படத்தில் மனித உடல்கள் ஒன்றோடொன்று ஒட்டி, ஒரே கயிறாக முறுக்கிக்கொண்டு செல்வதைக் காண்கிறோம். ஒருவர் கை மற்றொருவர் தோளை வளைத்திருக்கிறது. அவர் கை அடுத்தவரைப் பற்றியிருக்கிறது. கைகளின் அந்த அடுக்கே படத்தின் ஒழுங்கு. ஒழுங்கு இருக்கிறது, ஆறுதல் இல்லை. அம்மக்களின் அச்சம் முழுவதும் அக்கைகளில் தெரிகிறது. ஒரு முகத்தை மட்டும் தனித்து எடுத்திருந்தால் அது ஒரு மனிதரின் துன்பமாக நின்றிருக்கும். நெரிசலை நெரிசலாகவே எடுத்தமையால் அது ஒரு நாட்டின் துன்பமாயிற்று.

இதே கலைஞர் 1966இல் ஜெய்ப்பூருக்கு வந்தபோது, அவர் படமெடுக்கும் முறையை அவ்வூர் இளைஞர் ஒருவர் அருகிலிருந்து கவனித்தார். அவர் பெயர் ரகுபீர் சிங். 1942இல் பிறந்த அவர் பின்னர் நம் நாட்டின் தலைசிறந்த வண்ணப் புகைப்படக் கலைஞர்களுள் ஒருவராகத் திகழ்ந்து, 1999இல் மறைந்தார். கறுப்பு வெள்ளையே உயர்ந்த கலை என்று பலர் கருதிய காலத்தில், வண்ணத்தை விலக்கி இந்தியாவைக் காண்பது இயலாது என்று அவர் உறுதியாக நம்பினார். வண்ணம் புகுந்தவுடன் நெரிசல் பன்மடங்காகும் என்பதை நீங்கள் அறிவீர்கள். கறுப்பு வெள்ளையில் அடங்கிக்கிடக்கும் ஒரு சிவப்பு வாளி, வண்ணப்படத்தில் கண்ணைப் பிடித்து இழுக்கும்.

ரகுபீர் சிங் அந்நெரிசலை அஞ்சவில்லை. 1991இல் ஹௌரா நகரத்து நடைபாதையில் கண்ணாடி விற்கும் கடையொன்றை அவர் எடுத்த படம் உண்டு. முகம் பார்க்கும் கண்ணாடிகள் பல அங்கே நிற்கின்றன. ஒவ்வொன்றிலும் தெருவின் ஒரு துண்டு பிரதிபலிக்கிறது. நெரிசலான தெரு இன்னும் நெரிசலாகிறது என்றே முதலில் தோன்றும். சற்றுப் பொறுத்து நோக்கினால், ஒவ்வொரு கண்ணாடியின் சட்டமும் ஒரு துண்டுக் காட்சியை எடுத்து நம் கையில் கொடுப்பதை உணரலாம். பல படங்கள் கூடி ஒரு படம்! அம்பாசிடர் காரின் சாளரத்தையும் கண்ணாடியையும் அவர் இவ்வாறே பயன்படுத்தினார். அப்படங்களின் தொகுப்பு அவர் மறைவுக்குப் பின் 2002இல் நூலாக வெளிவந்தது. ஒரே ஒரு நாயகரை நடுவில் நிறுத்தி ஏனையோரைப் பின்னணியாக்குவது பழைய முறை. ரகுபீர் சிங்கின் படங்களில் மூலையில் நிற்பவருக்கும் அவருக்குரிய நிலம் உண்டு.

மூவர் வழியையும் தொகுத்துப் பார்த்தால் நெரிசலில் இசைவு காணும் முறைகள் சில நமக்குப் புலனாகின்றன. முதலாவது, திரும்ப வரும் வடிவத்தைத் தேடுதல். தொப்பியோ கையோ கண்ணாடியோ, ஒரே வடிவம் மூன்று நான்கு இடங்களில் வருமாயின் கண் அவற்றைத் தானே கோத்துக்கொள்ளும். இரண்டாவது, படத்தைக் கடந்து செல்லும் ஒரு கோட்டைக் கண்டுபிடித்தல். மூன்றாவது, அண்மை, இடைமை, சேய்மை என்னும் மூன்று நிலைகளிலும் ஏதேனும் நிகழுமாறு நிற்குமிடத்தைத் தேர்தல். ஓரடி இடப்புறம் நகர்ந்தாலே ஒருவர் தலையிலிருந்து முளைத்த மின்கம்பம் விலகிவிடும். நான்காவது, ஓரங்களைக் கவனித்தல். தொடங்குவோர் நடுவை மட்டுமே பார்ப்பர்; தேர்ந்தோர் நான்கு ஓரங்களையும் சுற்றிப் பார்த்த பின்னரே பொத்தானை அழுத்துவர். ஐந்தாவது, பொறுமை. அமைப்பு பொருந்தி வரும் நொடி வரும்வரை காத்திருக்க வேண்டும்.

இம்முறைகளைக் கற்றறியாத ஒருவரும் இவற்றைச் செய்து காட்டியதை நான் நேரில் கண்டிருக்கிறேன். நான் தலைமையாசிரியனாக இருந்த பள்ளியொன்றில் ஆண்டுதோறும் ஆசிரியர்களும் மாணவர்களும் சேர்ந்து படமெடுத்துக்கொள்வது வழக்கம். ஓராண்டு, சத்துணவுக் கூடத்தில் பணியாற்றிய அம்மையார் இருவரும், துப்புரவுப் பணியாளரும், இரவுக் காவலரும் படத்தில் இருக்க வேண்டும் என்று விரும்பினேன். புகைப்படக்காரர் தயங்கினார். வரிசைகளை அவர் ஏற்கெனவே சரிபார்த்து முடித்திருந்தார். உடையும் உயரமும் ஒத்துவராமல் படம் கெட்டுவிடும் என்றார். சிறிது நேரம் எங்களைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு அந்நால்வரையும் நிற்கும் வரிசையின் இரு கோடிகளிலும் இருவர் இருவராக நிறுத்தினார். சீருடைக் கூட்டத்தின் இரு பக்கத்திலும் வேறு நிறத்தில் நின்ற அவர்கள், வரிசைக்குக் கரை கட்டியதுபோல் அமைந்தனர். முன்னைய ஆண்டுகளின் படங்களைக் காட்டிலும் அது நன்றாகவே இருந்தது. நால்வரும் ஆளுக்கொரு படி கேட்டு வாங்கிச் சென்றனர்.

இன்று உங்கள் ஒவ்வொருவர் கையிலும் காமிரா பொருந்திய கைப்பேசி இருக்கிறது. அதிலே இன்னொரு வசதியும் வந்துள்ளது. எடுத்த படத்தில் பின்னால் நிற்பவரை விரலால் தொட்டால் அவர் மறைந்துவிடுகிறார். அவர் நின்ற இடத்தில் சுவரோ வானமோ தானே நிரம்பிவிடுகிறது. தாகருடைய வீதியில் கருவியின் குறைபாட்டால் மக்கள் மறைந்தனர். இன்று கருவியின் ஆற்றலால் மறைகின்றனர். சில வேளைகளில் இது பயன்படலாம். ஆயினும் நாற்பது ஆண்டுகள் கழித்து உங்கள் பேரன் அப்படத்தை எடுத்துப் பார்ப்பான். நீங்கள் நின்ற தெருவில் பூ விற்றவர் யார், பேருந்துக்குக் காத்திருந்தவர் யார், சுவரில் எழுதியிருந்தது என்ன என்று அவன் தேடுவான். வரலாற்று ஆசிரியனாகிய எனக்கு, படத்தின் நடுவில் நிற்பவரைவிட அதன் மூலையில் தற்செயலாக வந்து நின்றவர் மிகுதியாகக் கற்பித்ததுண்டு.

ஆதலின் மாணவர்களுக்கு ஒரு பயிற்சி கூறி முடிக்கிறேன். வரும் விடுமுறை நாளில் உங்கள் ஊர்ப் பேருந்து நிலையத்திற்கோ சந்தைக்கோ செல்லுங்கள். கைப்பேசியைப் பைக்குள்ளேயே வைத்துக்கொண்டு பத்து நிமிடம் ஒரே இடத்தில் நின்று பாருங்கள். எந்த நிறம் திரும்பத் திரும்ப வருகிறது, எந்தக் கோடு எல்லாவற்றையும் கடந்து செல்கிறது, எவர் அசையாமல் நிற்கிறார் என்று கவனியுங்கள். பிறகு ஓரடி முன்னேயோ பின்னேயோ நகர்ந்து, அங்கிருப்போர் எவரையும் விலக்காமல் ஒரே ஒரு படம் எடுங்கள். ஸ்டீக்லிட்ஸுக்கு இருந்ததும் ஒரு தகடுதான்.